பிணைக்கு யார் வருவார்?

யாழ். மாவட்டச் செயலகத்துக்கும், இங்குள்ள வங்கி முகாமையாளர்களுக்கும், வர்த்தக சங்கத்தாருக்கும்,

வணக்கம். அரசும் தனியாரும் கைகோத்து வடக்கின் சிறுதொழில்களைத் தூக்கிவிடப்போவதாக மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். நல்லது. ஆனால் பயிற்சிப் பட்டறையும் கண்காட்சிக் கடையும் போதும் போதுமென்று பார்த்துவிட்டோம். நோவு வேறு இடத்தில்.

சிறுதொழில் செய்வோருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். மானிப்பாயில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பொதி செய்யும் ஒரு அக்காவுக்குக் கொழும்பு சூப்பர்மார்க்கெட் ஒன்றின் ஓடர் கிடைத்தது. சரக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் காசு வரும். அதுவரை செத்தல் மிளகாய் வாங்கவும் சம்பளம் கொடுக்கவும் கையில் முதல் வேண்டும். வங்கி, இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கேட்டது. இல்லையென்றால் காணி உறுதி. உறுதி இருக்கிறது, சீதனக் காணி. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கென உள்ள தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் தன் காணியை ஈடு வைக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் 2009இல் காணாமல் போனவர். நீதிமன்றம் போய் அனுமதி எடுக்கலாம்தான். ஓடர் அதுவரை காத்துக்கொண்டிருக்குமா? கடைசியில் நுண்கடன்காரர்தான் வாசலுக்கு வந்தார். அந்த வட்டியில் மிளகாய்த்தூள் விற்று யார் மிஞ்சுவது?

பிணை கொடுக்க முடியாதவர்களுக்காகத்தானே அரசும் வங்கிகளும் பங்கு போட்டு 2023இல் தேசிய கடன் உத்தரவாத நிறுவனத்தை அமைத்தன? அதைப் பற்றிக் கேட்டால் கிளையில் தலையைச் சொறிகிறார்கள். அரச–தனியார் கூட்டு என்றால் எனக்கு இதுதான்: உத்தரவாதம் அரசின் பக்கம், ஓடரைப் பார்த்துக் கடன் வங்கியின் பக்கம், சிறிய வழங்குநருக்கு இரண்டு வாரத்தில் காசு கொடுப்பது சரக்கை வாங்குகிறவர் பக்கம். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும், அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. சிறுபான்மை என்று கொழும்பைப் பார்த்துப் பேசும் நாங்கள், 1990 ஒக்டோபரில் இங்கிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் வியாபாரிகளைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். நீங்கள் உதவப்போகிறவர்களின் பட்டியலில், திரும்பி வந்து கடை திறந்தவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதை எடுங்கள். வங்கியிலிருந்தும் ஆளைக் கூப்பிடுங்கள். குறிப்பு எடுத்துக்கொண்டு போக வருபவரை அல்ல, கடனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரை.

இப்படிக்கு,
மானிப்பாயிலிருந்து ஒரு கணக்கெழுத்தர்