கழிவுநீரைத் தேடி நாங்கள் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் கழிவுநீர் நிலையங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் பகுதியைப் பற்றி எழுதுவதே அரிதாகிவிட்ட காலத்தில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரையின் நடுவில், நிலையங்கள்தாம் முதலில் வந்தன, குடியிருப்புகள் பின்னர் அவற்றை நெருங்கி வந்தன என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கொடுங்கையூரிலேயே வளர்ந்து, அங்கேயே ஆசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த ஒரு வரி தந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கொடுங்கையூரில் வெள்ளையர் காலந்தொட்டு, நகரின் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சும் கழிவுநீர்ப் பண்ணை இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதன் பக்கத்தில் மனை பிரித்தது யார் என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், உலக வங்கியிடம் கடன் பெற்று, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசே தெருக்களை அமைத்து, மனைகளைப் பிரித்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. என் தகப்பனாருக்குக் கிடைத்த ஒதுக்கீட்டு ஆணை, அவர் கட்டிய மாதத் தவணை ரசீதுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, இன்றும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. தவணை தவறினால் என்ன தண்டம் என்று அந்த ஆணையில் எழுதியிருக்கிறது. மனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, இனி என்ன வரப்போகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. அரசின் முத்திரையை நம்பி வந்தவர்களை, தாமாகவே கழிவுநீரைத் தேடி வந்தவர்கள் என்று எழுதுவது நியாயமா என்று தங்களைத்தான் கேட்கிறேன்.

தூரம் பற்றிய விதிகளைக் கட்டுரை ஒரே பத்தியில் கடந்துவிட்டது. எங்கள் குறையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், குப்பை நிரப்பும் இடம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் குப்பையைக் கையாளும் நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் எழாத இடைவெளிப் பகுதி ஒன்றை அறிவிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகில் வாழும் எங்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவியது என்பது வேறு கதை. எழுத்திலாவது ஒரு தூரம் இருந்தது. கழிவுநீருக்கு அதுவும் இல்லை. எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில், தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, நகராட்சிக் குப்பைக்கான பொது நிலையமும் இருக்கிறது, ஆனால் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இல்லை. ஆகவே முன் அனுமதியும் வேண்டியதில்லை, அந்த அறிவிக்கையின்படி எங்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்க வேண்டியதும் இல்லை. என் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு எல்லைக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் மிகத் துல்லியமாகச் சொல்கின்றன. அதே சுவருக்கும், குழாயில் வரும் கழிவுநீர் வந்து சேரும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் கேட்டபோது, விதியை எடுத்துக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை.

நகரின் வடக்குப் பகுதியிலிருந்தும் மையப் பகுதியிலிருந்தும் நெடுந்தூரம் குழாயில் வரும் கழிவுநீர், வரும் வழியிலேயே காற்றில்லாமல் அழுகி, அதைப் பம்பு வைத்துத் தள்ளும் உந்து நிலையத்தின் கிணற்றில் விழும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியேற்றுகிறது. காற்றைவிடக் கனமான அந்த வாயு, காற்று அடங்கிய இரவுகளில் தரையோடு தரையாகத் தெருவுக்குள் வந்து தங்கிவிடுகிறது. என் பேத்தியின் வெள்ளிக் கொலுசு வாங்கிய மாதத்திலேயே கறுத்துப்போனது. பூஜை அறையின் பித்தளை விளக்கை எத்தனை முறை புளி போட்டுத் துலக்கினாலும் இரண்டு நாளில் மங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர், செம்புக் குழாய் அரித்துப் போயிருப்பதைக் காட்டி, இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இதே பழுதுதான் அம்மா என்றார். உலோகத்துக்கே இந்த நிலை என்றால், அதே காற்றை இரவெல்லாம் மூச்சில் வாங்கும் குழந்தைகளின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நான் பாடம் நடத்திய வகுப்பறையில், சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்ப முடிந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அயனாவரத்திலோ அண்ணா நகரிலோ உள்ள உறவினரின் முகவரியைக் கொடுத்ததை நான் அறிவேன்.

இத்தனைக்கும் பிறகு சுத்தமாகும் நீராவது எங்களுக்குப் பயன்படுகிறதா? கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தெளிவாக்கும் நிலையம் 2019-இல் திறக்கப்பட்டது. நல்ல திட்டம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நாற்றம் எங்கள் தெருவிலேயே தங்கிவிடுகிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவை 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர் லாரிகளே கதி என்பதையும், அந்த லாரிகள் குழாயிலிருந்து சொட்டச் சொட்டப் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போவதையும் கட்டுரையாளர் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்திருக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது மழைநீர் மட்டுமில்லை. அது வடிந்த பிறகு அரிசி டிரம்மையும் பாயையும் தெருவில் வீசியவர்களுக்கு அதன் நாற்றம் இன்னும் நினைவிருக்கும்.

எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும், 2027 முதல் 2046 வரைக்குமான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிவருகிறது. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தையும் உந்து நிலையத்தையும் அதன் வரைபடத்தில் குறித்து, அவற்றைச் சுற்றி விட வேண்டிய தூரத்தையும் எழுதி, நிலம் போதாத இடங்களில் கிணறுகளை மூடி அவற்றின் காற்றை வடிகட்டியே வெளியே விட வேண்டும் என்று விதியாக்க வேண்டும். இறுதி செய்வதற்கு முன் அந்த வரைபடம் தமிழில், வார்டு அலுவலக வாசலில், நாங்கள் நின்று படிக்கும்படி வைக்கப்பட வேண்டும். இதைத் தங்கள் இதழ் வற்புறுத்தினால் எங்கள் மனுக்களைவிடச் சீக்கிரம் பலன் கிடைக்கும்.

அதுவரை ஒரு சிறு வேண்டுகோள். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள உந்து நிலையக் கிணற்றின் மேல்மூடிப் பலகைகளில் இரண்டைப் பழுது பார்ப்பதற்காக எடுத்தவர்கள், திரும்ப வைக்காமலே சுவர் ஓரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்து மூலமாகவும் நேரிலும் சொல்லியாகிவிட்டது. தங்கள் செய்தியாளரை ஒருமுறை அனுப்பி அதைப் படம் எடுத்து வெளியிட்டால், மூடிகளையாவது திரும்பப் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கொடுங்கையூர், சென்னை – 118