பெட்டி கடைசியில், தம்பி

அன்புள்ள தம்பி,

டிவியில் மாட்டி விளையாடுகிற நிண்டெண்டோ 64 கன்சோலைக் கையடக்கமாக்க நீ போட்ட பெட்டி வரைபடங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி வளைகிறது, பட்டன்களுக்கு நிறம்கூட முடிவு செய்துவிட்டாய், பின்பக்கம் காற்றுப் போக மீன் செவுள் மாதிரி கீறல்கள். நடுவில் ஒரு செவ்வகம் போட்டு ‘சர்க்யூட் போர்டு இங்கே’ என்று எழுதியிருக்கிறாய். அந்தச் செவ்வகத்தைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இதே இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர், அதில் உன் அக்காவும் ஒருத்தி.

பெட்டியைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. முதலில் மேசை மேல், குடலெல்லாம் வெளியே கிடக்க, பேட்டரியில், சின்னத் திரையில், ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற ஒரு நிண்டெண்டோ 64 உன்னிடம் இருக்க வேண்டும். அது ஓடின பிறகு ஸ்கேலை எடுத்து அள. அந்த அளவு வராமல் நீ வரைகிற பெட்டிக்குள் கடைசியில் ஒரு வயர்க் கத்தை மீந்து நிற்கும், அதை அமுக்கி மூடுவாய், மூடினதும் செத்துப்போகும். என்னுடைய முதல் பெட்டி இன்னும் அலமாரியில் காலியாக இருக்கிறது. 11 மி.மீ. இடம் குறைந்துவிட்டது.

டிவியோடு கட்டிப்போட்ட கன்சோலைக் கையில் தூக்கிக்கொண்டு போகிற ஆசை ஒன்றும் புதிதில்லை. 1977இல் வந்த அட்டாரி 2600ஐ வெட்டிச் சுருக்கி, 2000ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹெக்கென்டார்ன் என்ற அமெரிக்கர் கையடக்கமாகச் செய்தார். அதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது. அதற்கும் முன்னால் 1995இல் சேகா கம்பெனி தன்னுடைய மெகா டிரைவ் கன்சோலையே நோமாட் என்று கையடக்கமாக விற்றது. ஆறு பென்சில் பேட்டரி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம்தான் தாங்கும். கையில் தூக்குகிற எதையும் கடைசியில் பேட்டரிதான் தீர்மானிக்கிறது. பேட்டரி பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் வேலை, எதையும் கழற்றாமல், வெட்டாமல், கன்சோலை டிவியில் போட்டு ஓட்டிப் பார்ப்பது. சிரிக்காதே. ஏற்கெனவே செத்த போர்டை மூன்று நாள் வெட்டி ஒட்டி, நான்தான் கொன்றுவிட்டேன் என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் திற. ஒரு வேலை செய், ஓட்டிப் பார். இன்னொரு வேலை செய், மறுபடி ஓட்டிப் பார். படமும் ஒலியும் டிவிக்குப் போகிற ஏ/வி சாக்கெட்டைக் கழற்றினாயா, ஓட்டிப் பார். விளையாட்டு கார்ட்ரிட்ஜைச் செருகுகிற ஸ்லாட்டைப் பிடுங்கி வயரில் நீட்டினாயா, ஓட்டிப் பார். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு வேலையை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டுத் திரை கறுப்பாக நின்றால், ஏழில் எது என்று தேடவே ஒரு வாரம் ஆகும்.

இந்த கன்சோலில் எல்லாரையும் ஒரு தடவையாவது ஏமாற்றுகிற ஓர் இடம் உண்டு. முன்பக்கம் சின்ன மூடியைத் திறந்தால் ஒரு குட்டித் துண்டு செருகியிருக்கும், ஜம்ப்பர் பேக். உள்ளே மெமரி எதுவும் கிடையாது, பார்த்தால் வெறும் அடைப்பு மாதிரி இருக்கும், இடத்தை அடைக்கிறதே என்று கழற்றிப் போடத் தோன்றும். கழற்றினால் கன்சோல் எழுந்திருக்காது. இதில் இருக்கிற மெமரி ராம்பஸ் வகை, 4 எம்பி. அதன் கடிகாரம் 250 மெகாஹெர்ட்ஸ், துடிப்பு ஏறும்போது ஒரு தரவு, இறங்கும்போது ஒரு தரவு, ஆக நொடிக்கு 50 கோடித் தடவை. அந்த வேகத்தில் ஓடுகிற கோடு முனையில் சும்மா அறுந்து நின்றால், சுவரில் அடித்த பந்து மாதிரி சிக்னல் திரும்பி வந்து பின்னால் வருகிற சிக்னலைக் கெடுக்கும். அது திரும்பாதபடி முனையில் உள்வாங்கிக்கொள்வதுதான் அந்தத் துண்டின் வேலை. அதற்குப் பதில் எக்ஸ்பான்ஷன் பேக் போட்டால் மெமரி 8 எம்பி ஆகும், முனையை அடைக்கிற வேலையும் நடந்துவிடும். அதை வயர் இழுத்து வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதே. செய்தவர்கள் உண்டு, வயரை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துச் செய்தார்கள். முதல் முறைக்கு இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டியை அதற்கு ஏற்ற மாதிரி வளை.

கார்ட்ரிட்ஜ் ஸ்லாட் அவ்வளவு கோபக்காரன் இல்லை. மொத்தம் 50 முனை, பக்கத்துக்கு 25. தரவும் முகவரியும் ஒரே 16 கோட்டில் மாறி மாறிப் போவதால்தான் இத்தனை குறைவு. சில முனைகள் வெறும் கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்புகிற வழி, சில பயன்படுவதே இல்லை. எது எது என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள், நினைவை நம்பாதே. பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் 80 இழை ஐடிஇ கேபிள் கிடைத்தால் அதை உரித்து எடு, மெல்லிசு, வளையும், நீளமும் ஒரே மாதிரி இருக்கும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு முனையையும் சாலிடர் வைத்த கையோடு மல்டிமீட்டரில் ‘பீப்’ வருகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து முனையோடு பீப் வரக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார். இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருக்கிறது, அது கன்சோலோடு பேசி ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டில் ஒரே ஒரு வயர் இடம் மாறினாலும் விளையாட்டு தொடங்கவே தொடங்காது, பழியை நீ வேறெதன் மேலாவது போட்டுக்கொண்டிருப்பாய்.

சரி, கரண்ட். பெரும்பாலான வேலை இங்கேதான் கெட்டுப்போகிறது. என்னுடையதும் இங்கேதான் கெட்டது.

அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படி: 3.3 வோல்ட் 2.7 ஆம்பியர், 12 வோல்ட் 0.8 ஆம்பியர். 3.3தான் மூளைக்கும் மெமரிக்கும். 12 உள்ளே போய் 5 ஆக இறங்கி, படமும் ஒலியும் வெளியே வருகிற பகுதிக்குப் போகிறது. நீ 18650 என்கிற லித்தியம் பேட்டரி செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும், முழுதாக ஏறும்போது 8.4. அதை 3.3க்கு இறக்க வேண்டும். மூன்று கால் உள்ள சாதாரண ரெகுலேட்டரைப் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தாய். கணக்குப் பார்: 2 ஆம்பியர் இழுத்தால் கன்சோலுக்குப் போவது 6.6 வாட், ரெகுலேட்டர் வெறும் சூடாக விடுவது 8.2 வாட். விளையாடுவதைவிட அடுப்பு எரிக்கிற செலவு அதிகம். வோல்டேஜை அவ்வளவு வீணாக்காமல் இறக்குகிற பக் கன்வெர்ட்டர் போடு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சூடும் பெரிதாக ஆகாது.

நான் அதைத்தான் போட்டேன். வெளியே மீட்டரில் 3.3 என்று அச்சடித்த மாதிரி காட்டியது. கன்சோல் எழுந்தது, லோகோ சுழன்றது, மெனு வந்தது, எல்லாம் சரி. விளையாட்டில் திரை நிறைய எதிரிகள் வந்து ஒரு வெடி வெடித்ததும் பொட்டென்று ரீசெட். மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே மாதிரி. சில்லு சூடாகிறது என்று, சூட்டை இழுக்கிற உலோகத் துண்டான ஹீட் சிங்க்கை மாற்றினேன். மெமரி என்று சந்தேகப்பட்டேன். கார்ட்ரிட்ஜ் வயர் எல்லாவற்றையும் உருவி மறுபடி வைத்தேன். இரண்டு வாரம் போனது, தம்பி. கடைசியில் மீட்டரின் ஊசியைக் கன்வெர்ட்டரில் வைக்காமல் போர்டின் மேலேயே வைத்து விளையாடிப் பார்த்தபோது 3.03 காட்டியது. கார்ட்ரிட்ஜுக்கு வைத்த அதே மெல்லிசு 30 கேஜ் வயரையே கரண்டுக்கும் இழுத்திருந்தேன், 20 செ.மீ. போக, 20 செ.மீ. வர. அந்த வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.34 ஓம். 40 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 0.135 ஓம், 2 ஆம்பியரில் 0.27 வோல்ட் வயரிலேயே காணாமல் போகிறது. அதைவிடத் தடித்த 22 கேஜ் வயரை மாற்றினேன், கால் மணி நேர வேலை. அதற்கு அப்புறம் ஒரு தடவைகூட ரீசெட் ஆகவில்லை. வோல்டேஜை எங்கே அளக்கிறாய் என்று யாராவது அன்றைக்கே என்னைக் கேட்டிருக்கலாம்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டிருந்தாய். 3000 மில்லி ஆம்பியர் மணி செல் இரண்டு என்றால் 22 வாட் மணி. கன்சோல், திரை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள், கன்வெர்ட்டரில் கொஞ்சம் போகும், ஆக இரண்டரை மணி நேரம். நோமாட் நிலைமைதான்! நான்கு செல் வைத்தால் ஐந்து மணி நேரம், கையும் வலிக்கும். 1989இல் நிண்டெண்டோவின் கையடக்கமான கேம்பாயைச் செய்தபோது அதை வடிவமைத்த குன்பெய் யோகொய் பின்விளக்கும் கலரும் இல்லாத திரையைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். அடுத்த வருடமே கலர் திரையும் விளக்குமாக வந்த சேகாவின் கேம் கியர் ஆறு பேட்டரியை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்றுவிட்டது.

செல்லின் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்காதே. இதில் மட்டும் நான் கெஞ்சவில்லை, அதட்டுகிறேன்டா. அந்தச் சூடு உள்ளே போய்ச் செல்லைக் கெடுக்கும். உலோகப் பட்டை ஒட்டியே வருகிற செல்லாக வாங்கு. பாதுகாப்புச் சர்க்யூட் கட்டாயம். ஒரு செல் 4.2க்கு மேல் ஏறக் கூடாது, அடிமட்டத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது, இரண்டு செல்லும் சமமாக ஏற வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ. என்னுடைய இரண்டாவது பெட்டியை மூடும்போது கையில் கிடைத்த ஸ்க்ரூவைப் போட்டுத் திருப்பினேன், 3 மி.மீ. நீளம் அதிகம். ஏதோ மெத்தென்று இருக்கிறதே என்று கை நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் செல்லின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை கிழிந்து, உள்ளே உலோகத்தில் ஒரு கீறல். இன்னும் அரைச் சுற்று சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்றைக்கு நான் தூங்கவில்லை. பெட்டி வரையும்போது ஸ்க்ரூத் தூணுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு சுவர் வரை. உன் படத்தில் அது இல்லை.

திரைக்குப் பெரிய ரெசல்யூஷன் தேடி அலையாதே. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320×240 அளவில்தான் வரைகின்றன. கார் பின்பக்கக் கேமராவுக்கு வைக்கிற சின்னத் திரை போதும். அதன் மேல் 12 வோல்ட் என்று இருக்கும், உள்ளே அதுவே 5க்கோ 3.3க்கோ இறக்கிக்கொள்ளும், அந்தப் பகுதியைக் கண்டுபிடித்து தாண்டிவிட்டால் உனக்கு ஒரு கன்வெர்ட்டர் மிச்சம்.

ஜாய்ஸ்டிக்கைப் பற்றி ஒரு விஷயம். பழைய கன்ட்ரோலரைத் திறந்தால் உள்ளே மாவு கொட்டிக் கிடக்கிற மாதிரி வெள்ளைத் தூள் இருக்கும். ஸ்டிக்கின் அடிப்பகுதி கிண்ணத்தோடு வருடக்கணக்காகத் தேய்ந்து தேய்ந்து வந்த பிளாஸ்டிக் அது. துளையிட்ட இரண்டு சக்கரங்கள் ஒளியை மறைத்து மறைத்துத் திசையைச் சொல்கிற ஏற்பாடு, அழகான ஏற்பாடுதான், ஆனால் உயரம் அதிகம். நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான கேம்க்யூபின் வகை ஸ்டிக் தட்டையாக உட்காரும், அதற்கு இடையில் ஒரு மாற்றுப் போர்டு வேண்டும். கன்சோலுக்குப் போகிற வயர் மூன்றே மூன்று, 3.3, தரவு, கிரவுண்ட். மொத்த வேலையிலும் சுலபம் இதுதான்.

ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பழைய கன்சோல் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் மென்பொருள் போட்டால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு இது எதற்கு என்று உன் நண்பன் கேட்டானாமே. சரியான கேள்வி. விளையாடத்தான் வேண்டும் என்றால் அவன் சொல்வதே சரி, எடையும் பாதி, பேட்டரியும் கூட நேரம் வரும். எனக்கு விளையாடுவதில் அவ்வளவு ஆர்வம் கிடையாது, தெரியும் உனக்கு. 1996இல் யாரோ வரைந்த போர்டு டிவியையும் சுவர்ப் பிளக்கையும் விட்டுவிட்டு என் மடியில் எழுந்து நின்றதைப் பார்த்தேனே, அது எனக்குப் போதும். உனக்கு எது வேண்டும் என்று நீயே பார்த்துக்கொள். பை பக்கம் போனாலும் நான் கிண்டல் செய்யமாட்டேன். கொஞ்சமாகச் செய்வேன்.

பெட்டியை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அது 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும், ஹீட் சிங்க்குக்குப் பக்கத்துச் சுவர் குழையும். சூட்டை இன்னும் தாங்குகிற பிஇடிஜி பிளாஸ்டிக் போடு. ஆனால் அதெல்லாம் பிறகு.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இதன் ஸ்க்ரூக்களைத் திருப்புகிற தனி வகை முனை கேம்பிட், கன்சோலுக்கு 4.5 மி.மீ., கார்ட்ரிட்ஜுக்கு 3.8, இரண்டையும் வாங்கு. திறப்பதற்கு முன்னால் டிவியில் ஒரு மணி நேரம் ஓட்டு. பிறகு மூடியைக் கழற்றி, போர்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. கையைக் கட்டிக்கொண்டு காத்திரு, ரம்பத்தை எடுக்காதே. எங்கே வெட்டலாம் என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா