விரலுக்குக் கிடைத்த கவனிப்பு கண்ணுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 34 ஆண்டுகள் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரு கண்களிலும் புரை நீக்கிய பிறகும் பொடி எழுத்துப் புத்தகங்களை நெடுநேரம் படிக்க முடிவதில்லை. அதைப் பார்த்த பேத்தி, "எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம் தாத்தா" என்று தன் பழைய கைபேசியைக் கொடுத்தாள். படிக்கும் செயலிகளோடு நான்கைந்து விளையாட்டுகளையும் அதில் ஏற்றியிருந்தாள். மூன்று மாதங்களாக இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்தியதில் மனத்தில் பட்டதைப் பதிப்பாளர்களுக்கும் செயலி உருவாக்குபவர்களுக்கும் தங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டுகளில் என்னைப் பிடித்துக்கொண்டது 2048. இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி 2014இல் வெளியிட்டது. மொத்தம் 16 கட்டங்கள். அவற்றில் உள்ள எண்களை விரலால் தள்ளிச் சேர்க்க வேண்டும். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நான்கு, நான்கும் நான்கும் சேர்ந்தால் எட்டு, அவ்வளவுதான். விளக்கக் குறிப்பு எதையும் நான் படிக்கவில்லை. ஒருமுறை தள்ளியதுமே விரலுக்குப் புரிந்துவிட்டது. பாதியில் எழுந்து போய்த் திரும்பினாலும் விட்ட இடத்திலேயே ஆட்டம் காத்திருக்கிறது. சிருல்லி நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்ததால் நகல்கள் ஏராளம். சிலவற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரம் வருகிறது. மூடும் குறியோ கடுகளவு. அவற்றை நீக்கிவிட்டேன். 1997இல் நோக்கியா கைபேசியில் வந்த பாம்பு விளையாட்டை அந்தச் சின்னஞ்சிறு கறுப்புவெள்ளைத் திரையில் எண் பொத்தான்களை அழுத்தியே ஆடினார்கள். அன்று தொடங்கி, ஆடுபவரின் விரலை நினைத்தே இவற்றைச் செய்திருக்கிறார்கள்.

படிப்பவரின் கண்ணை அப்படி யார் நினைத்தார்கள்?

முதலில் காசு கொடுத்து ஒரு நாவல் வாங்கினேன். திறந்தால், அச்சுப் பக்கங்களைப் படமெடுத்து அப்படியே வைத்திருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. வரியை முடிக்க வலப்பக்கம் இழுக்க வேண்டும், அடுத்த வரிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பக்கத்துக்கு 30 வரி என்றால் 60 முறை இழுப்பு. ஒரு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன். கதை நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு புத்தகம் எழுத்து வடிவிலேயே இருந்தது. பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கின. ஆனால் இருபுற ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று செயலி பிடிவாதம் பிடிக்கிறது. 'எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற சொல் வந்தால், முந்தைய வரியில் இரண்டே சொற்கள், நடுவில் பல் விழுந்த வாய் போல வெற்றிடம். வேறொரு செயலி சொல்லை உடைக்கிறது, ஆனால் கண்ட இடத்தில் உடைக்கிறது. 'பார்' ஒரு வரியில், 'த்தான்' அடுத்த வரியில். வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். 'பார்த்' என்று முடித்து 'தான்' என்று தொடங்க வேண்டும். கணினிக்கு இதைக் கற்பிப்பது கடினமான காரியம் இல்லை.

என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது தேடும் வசதி. 'கொடி' என்ற சொல்லைத் தேடினேன், இல்லை என்றது. அதே பக்கத்தில் அந்தச் சொல் என் கண்ணெதிரே இருக்கிறது! கணினி படிக்கும் பேத்திதான் விளக்கினாள். 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் பதியலாமாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுக் குறியீடு தரும் யூனிகோடு விதியே வைத்திருக்கிறது. அந்தச் செயலி அதைப் பின்பற்றவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் பிழை பிடித்த கண் என்னுடையது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்கு அகப்படாத பிழை இது.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் செய்த கோப்புகளின் நிலை இன்னும் மோசம். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாக வந்து விழுகின்றன. அதை வாசித்துக்காட்டும்படி கைபேசியிடம் கேட்டால் அது எதை வாசிக்கும்? எனக்காவது பார்வை இருக்கிறது. பார்வையற்ற வாசகருக்கு அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

வழி இல்லாமல் இல்லை. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். முன்பு டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் இருந்தவற்றை யூனிகோடுக்கும் மாற்றினார்கள். அங்கிருந்து எடுத்த குறுந்தொகையை நான் விரும்பிய அளவு எழுத்தில் தினமும் படிக்கிறேன். ஊதியம் வாங்காதவர்கள் செய்வதை, விலை வைத்து விற்பவர்கள் செய்ய வேண்டாமா? புதிய நூல்களையாவது திரைக்கேற்ப வரிகள் மடிந்து கொடுக்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவில், யூனிகோடில் தாருங்கள். விற்கும் முன், எழுத்தைப் பெரிதாக வைத்து யாராவது ஒருவர் பத்துப் பக்கம் படித்துப் பார்க்கட்டும்.

தங்கள் நாளிதழின் மின்பதிப்பும் தாளின் படமாகவே வருகிறது. ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதி வலப்பக்கக் கடைசிப் பத்தியில் இருப்பதால், அதைப் படிக்க நான் பக்கத்தை ஓரம்வரை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், எழுத்து வடிவிலும் ஒரு பிரதி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்