கல்லுக்குள் இருக்கும் தலை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீ படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் திங்கட்கிழமை காலையில் போய் நின்றோம். ஃப்ளாரன்ஸில் உஃபிஸி, அகாதெமியா இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. அம்மா வாயைத் திறக்கவில்லை, பார்த்த பார்வையே போதும். அதனால் நேற்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

உஃபிஸி என்றால் 'அலுவலகங்கள்' என்று அர்த்தமாம். இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து முதலாம் கோசிமோ 1560இல் அதிகாரிகளுக்காகக் கட்ட ஆரம்பித்தது. காலமெல்லாம் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு அது போதாதா, உடனே பிடித்துவிட்டது! போத்திசெல்லி வரைந்த வீனஸ் ஓவியத்துக்கு முன்னால் ஒரே கைப்பேசிக் காடு. எனக்கு மனதில் நின்றது அன்னா மரியா லூயிசாதான். மெதிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு. 1737இல் குடும்பத்தின் கலைச் செல்வங்களை எழுதிக்கொடுத்தபோது, ஒன்றுகூட ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். "பிள்ளை இல்லாதவள், படத்தையாவது பிடித்து வைத்துக்கொண்டாள்" என்றாள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை.

மதியம் பொன்தே வெக்கியோ பாலத்தைத் தாண்டி பொபொலி தோட்டம். தோட்டம் என்றதும் அம்மா பூக்களை நினைத்துக்கொண்டு வந்தாள். இதுவோ மேடு, படி, சரளைக்கல், நறுக்கிவிட்ட வேலிச்செடி, நெட்டையாகச் சைப்ரஸ் மரங்கள். பாதி மேட்டில் முட்டி வலி வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே பெரிய தேவாலயத்தின் செந்நிறக் குவிமாடம்.

இறங்கும்போது ஒரு செயற்கைக் குகை. உள்ளே நான்கு மூலையிலும் சிற்பி மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' சிலைகள். இப்போது நிற்பவை நகல்கள். அசல்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குகையிலேயே இருந்துவிட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகாதெமியாவுக்குப் போயிருக்கின்றன.

சரி, அசலையும் பார்த்துவிடுவோம் என்று சாயங்காலம் அங்கே போனோம். கூடத்தின் கோடியில் அதே மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை, ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். எல்லோரும் அவனை நோக்கியே விரைகிறார்கள். வழியின் இருபுறமும் நிற்கும் இந்தக் கைதிகளை யாரும் சட்டை செய்வதில்லை. அம்மா அட்லஸ் என்ற கைதியிடம் நின்றுவிட்டாள். மார்பும் தொடையும் வெளியே வந்துவிட்டன, தலை மட்டும் இன்னும் கல்லுக்குள்ளேயே. சீப்பால் வாரியது போல உடம்பெல்லாம் உளிக்கோடு. "இன்னும் நாலு நாள் செதுக்கியிருந்தால் முகம் தெரிந்திருக்கும்" என்றாள். தாவீதுக்கு அவள் கொடுத்தது ஐந்து நிமிஷம், இவனுக்கு அரைமணி நேரம்.

அஞ்சலட்டை விற்கும் இடத்திலும் எங்கே பார்த்தாலும் தாவீதுதான். அம்மா துழாவித் துழாவி இவனைக் கண்டுபிடித்து ஒன்று வாங்கிவிட்டாள், உனக்காம். பின்பக்கம் அவளே எழுதுவாளாம், நான் எட்டிப் பார்க்கக்கூடாதாம்.

அன்புடன்,
அப்பா