17 டாலர் கிட்டார்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின் அம்மாவுக்கு,

இன்று அக்டோபர் 4. 2022இல் நீங்கள் போன தேதி. அதற்கு எட்டு வருஷம் முன்பிருந்தே நான் நாஷ்வில்லில் இருக்கிறேன். ஆனாலும் நீங்கள் உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட உங்கள் பண்ணை இருக்கும் ஹரிகேன் மில்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலையில்தான் வந்தேன், தனியாக. மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்கிறேன். முதலில் உங்கள்மேல் ஒரு கோபம் இருக்கிறது.

நீங்கள் பிறந்த புட்சர் ஹாலோ, நிலக்கரிச் சுரங்கத்து அப்பா, 15 வயதில் கல்யாணம், அடுத்தடுத்து நாலு பிள்ளைகள்... உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப் போவதில்லை. (கல்யாணத்தின்போது 13 வயது என்று குறைத்துச் சொன்னதையும் விட்டுவிடுகிறேன்.)

என் பிரச்சினை அந்த 17 டாலர் கிட்டார். உங்கள் வீட்டுக்காரர் டூலிட்டில் வாங்கிக்கொடுத்தது. 1960இல் முதல் இசைத்தட்டைக் காரில் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக ஒவ்வொரு ரேடியோ நிலையமாக ஏறி இறங்கினீர்கள். அந்த வருஷமே நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி இசை மேடை. 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் பெரிய விருது, அதை வாங்கிய முதல் பெண். அவர் இல்லாவிட்டால் நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். குடித்தார், வேறு பெண்களிடம் போனார், கை நீட்டினார். நீங்களும் திருப்பிக் கொடுத்தீர்கள். ஆனால் அவர் சாகும்வரை 48 வருஷம் கூடவே இருந்தீர்கள்.

எனக்கும் அப்படி ஒரு கிட்டார் இருந்தது அம்மா. ஒரு பழைய கேம்ரி கார்.

நான் வந்த மறுவருஷம். சனிக்கிழமை ராத்திரி, பெல்வியூ கணேசர் கோயிலில் நடை சாத்தி, வண்டிகளெல்லாம் போன பிறகு, அந்தக் காலி இடத்தில்தான் என் வீட்டுக்காரர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் குள்ளம், அடியில் ஒரு தலையணை. அர்ச்சனைத் தேங்காயின் இரண்டு மூடிகளைத் தரையில் வைத்து, நடுவில் நிறுத்து என்றார். ரேடியோவில் 650 டபிள்யூஎஸ்எம், உங்கள் குரல். உங்கள் உச்சரிப்பு அப்போது எனக்குப் புரியாது. "குடிச்சிட்டு வீட்டுப்பக்கம் வராதேங்குறா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் ஒரு மூடி டயருக்கடியில் நொறுங்கியது. இறங்கிப்போய் நசுங்காத ஒரு சில்லைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைத்தார். "பிரசாதம், வீணாக்கக் கூடாது."

அந்த அரைச் சில்லை வைத்துப் பத்து வருஷம் ஓட்டினேன். ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன்தானே, என்று. மனசு கேட்காதபோதெல்லாம் உங்களைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். லொரெட்டாவே இருக்கவில்லையா?

என் அண்ணன் இதைப் படிப்பான், மாமியார் வீட்டிலும் படிப்பார்கள். அதனால் சில ராத்திரிகளை எழுதவில்லை. பாட்டு நீளம் என்று உங்கள் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொல்லி நீங்கள் சில சரணங்களை வெட்டினீர்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிட்டேன், யாரும் போன் போட வேண்டாம்.

கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடி, 1975இல் எத்தனையோ ரேடியோ நிலையங்கள் போட மறுத்தும் அசராதவர் நீங்கள். வீட்டுக்குள் மட்டும் ஏன் அம்மா? ஒரு கிட்டாருக்கு எத்தனை வருஷம்தான் தவணை கட்டுவது?

சரி, கேட்க நான் யார்? உங்களுக்கு அன்று பிள்ளைகள், கையில் காசில்லை. எனக்கு வேலை இருந்தது, வண்டிச் சாவி இருந்தது. அப்படியும் உட்கார்ந்திருந்தேன். பழியை உங்கள் தலையில் போட்டேன், நீங்கள் திருப்பிப் பேச மாட்டீர்கள் என்பதால். அதற்குத்தான் மன்னிப்பு. நீங்கள் நடந்ததையாவது பாட்டாக்கினீர்கள். நான் போன மாதம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் வளர்ந்த குடிசை மாதிரியே இங்கே கட்டி வைத்திருக்கிறீர்களே, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பத்துப் பேர் எப்படித்தான் படுத்தீர்களோ.

திரும்பும்போது 650ஐப் போட்டேன். உங்கள் பாட்டு வரவில்லை. யாரோ ஒரு புதுப் பையன் தன் லாரியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். சுமாராகத்தான் இருந்தது. வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.