நகை மதிப்பீட்டாளருக்கு ஒரு பொதுத் தேர்வு வேண்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் 22 வருடமாக வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். அப்பா பட்டறை வைத்திருந்தவர், உரைகல் பிடிக்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். வங்கியில் சேர்ந்தபோது அனுபவக் கடிதம் கேட்டார்கள், ஜாமீன் தொகை கேட்டார்கள், தெரிந்தவர் இரண்டு பேரின் கையெழுத்து கேட்டார்கள். ஒரு வளையலைக் கையில் கொடுத்து இது என்ன டச், அதாவது தங்கத்தின் தரம் எவ்வளவு என்று மட்டும் யாருமே கேட்கவில்லை.

போன மாதம் ஒரு அம்மா கல் அட்டிகையோடு வந்தார். மொத்த எடை 32 கிராம். வேறொரு இடத்தில் கல்லுக்கும் அரக்குக்கும் 7 கிராம் கழித்திருந்தார்கள். நான் ஒவ்வொரு கல்லாக எண்ணி, அளவு பார்த்துக் கணக்குப் போட்டதில் 4 கிராம்தான் வந்தது. மூன்று கிராம் தங்கம் இன்றைய விலைக்குச் சின்னத் தொகையா? பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வந்தவர் அவர். "உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி தம்பி?" என்று கேட்டார். எனக்கு என் கணக்கில் நம்பிக்கை உண்டு, ஆனால் அவரிடம் அதை நிரூபித்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் கல் கழிவை இப்படித்தான் போட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் பொதுவாக யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

போலி நகை விஷயம் இன்னும் மோசம். இப்போது வருகிற கனமான முலாம் பூசிய வளையலைக் கல்லில் உரசினால் கோடு 22 கேரட் மாதிரியே நிற்கும், ஆசிட் விட்டாலும் கலையாது. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, உள்பக்கம் ஓரமாக அரம் வைத்து லேசாக ராவி, அந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே செம்பு இருந்தால் பச்சையாகப் பொங்கிவிடும். மெஷின் இருக்கிறதே என்பார்கள். எக்ஸ்ரே மெஷினும் மேல்தோலைத்தான் படிக்கும். ஹால்மார்க்கில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாள எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் பார்த்துவிடலாம், சரி, பாட்டி காலத்துக் காசுமாலைக்கு எண்ணுக்கு எங்கே போவது?

எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்து வேலையில் சேர்ந்தான். அந்த மூன்று நாளில் ஒரு போலி நகையைக்கூட அவன் கையில் கொடுக்கவில்லையாம், எல்லாம் பாடமும் படமும்தான். ஒரே ஆள் நாலு தடவையாக வைத்த வளையல்கள் கவரிங் என்று பிறகு தெரிந்தது. ஜாமீன் தொகை போனது, காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தான். எங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். ஒரு நகையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்கு அந்த உழைப்புக்குக் காசு இல்லை. இந்த நிலைமையில் அரைகுறைப் பயிற்சியோடு ஒருவரை உட்கார வைப்பது அவருக்கும் ஆபத்து, நகை வைக்கிற ஜனங்களுக்கும் ஆபத்து.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் விதிகளை மாற்றி, கடன் வாங்குபவர் எதிரிலேயே மதிப்பிட வேண்டும், கேரட், மொத்த எடை, நிகர எடை, கழிவு எல்லாவற்றையும் எழுதிச் சான்று தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. மனதார வரவேற்கிறேன். அந்த அட்டிகை அம்மாவுக்கு இதுதான் தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சான்றை எழுதுகிறவர் எதில் தேறியவர்? நிலம், கட்டடம், இயந்திரம், பங்குப் பத்திரங்களை மதிப்பிடுகிறவர்களுக்கு கம்பெனிச் சட்டத்தின் 2017 விதிகளின்படி பயிற்சி, தேர்வு, பதிவு எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் நகை இல்லை. நம் ஊரில் வீட்டைவிட நகையைத்தானே அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்!

தமிழ்நாட்டில் கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் நகை மதிப்பீட்டுப் பயிற்சி நடத்துகின்றன. அதையே அடித்தளமாக வைத்து, எல்லா வங்கியும் சங்கமும் ஏற்கிற ஒரு செய்முறைத் தேர்வைக் கொண்டுவரலாம். இருபது நகையை மேஜையில் வையுங்கள். அதில் முலாம் பூசியது, பழைய நகை, கல் வைத்தது, அரக்கு அடைத்தது எல்லாம் கலந்து இருக்கட்டும். எடை, டச், கழிவு மூன்றையும் சரியாகச் சொன்னால் உரிமம் கொடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் உட்கார வையுங்கள், நானும் வருகிறேன். அப்புறம் ஒன்று, பட்டறையிலேயே வளர்ந்து எட்டாம் வகுப்போடு நின்றுபோன எத்தனையோ பேருக்குக் கை நன்றாகத் தெரியும். எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து அவர்களை வெளியே தள்ளிவிடாதீர்கள், உரைகல்லைக் கொடுத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நகை மதிப்பீட்டாளர்,
கும்பகோணம்.