முழு சார்ஜில் மலை இறங்கினால் பிடிக்காத வேன்: புகார்

அனுப்புநர்: காய்கறி லோடு வேன் உரிமையாளர், கேத்தி பாலாடா, நீலகிரி.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மின்சார சரக்கு வேனில் இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தக் கரண்டைப் பேட்டரியில் ஏற்றும் பிரேக்) பிடிக்காதது, கோவை பணிமனையில் நடத்திய விதம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிய புகார் எண் தருகிறார்கள். பழைய எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறார்கள். வண்டி என் வாசலில் நிற்கும்போது யார் க்ளோஸ் செய்தது?

வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செய்தவர்களே நீங்கள். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு, விடியுமுன் கேரட் ஏற்றிக்கொண்டு குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் என் பிழைப்பு. நூறு சதவீதம் சார்ஜோடு கிளம்பினால் பேட்டரியில் இடம் ஏது? ரீஜென் பிடிப்பதே இல்லை. உறைபனி விழும் மாதங்களில் சார்ஜ் குறைவாக இருந்தாலும் சில்லிட்ட பேட்டரி வாங்க மறுக்கிறது. டீசல் வண்டியை இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். இதில் மாற்றக் கியரே கிடையாது. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரம் இறங்க வேண்டிய மலையில், முழு லோடும் பிரேக் தலையில் விழுகிறது. பர்லியார் வருவதற்குள் கருகல் நாற்றம்.

பிரேக் லைனிங் "தேய்மானப் பொருள், வாரன்டி இல்லை" என்று என் காசில் மாற்றினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது உங்கள் கோவை பணிமனை சூப்பர்வைசர். காலையிலேயே வரச்சொன்னார்கள் என்று மீட்பு வண்டிக்கு வாடகை கொடுத்து ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் வரை நாற்காலிகூடக் காட்டவில்லை. பிறகு, சார்ஜ் பாதிக்குக் கீழே இருந்த வேனை அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ரீஜென் நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார். சமதரையில், பாதி சார்ஜில், காலி வண்டியில்! மலையில் வந்து பாருங்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மலையில ஓட்டத் தெரியலைன்னா டீசலே வாங்கியிருக்கலாமே." கல்லாறு கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா காலத்திலிருந்து லோடு இறக்கும் குடும்பம் எங்களுடையது. அவர் எத்தனை முறை மலை ஏறியிருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

டீசலே வாங்கியிருப்பேன். வேண்டாமென்று சொன்னது உங்கள் ஷோரூம்தான். பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசலில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது, சீரான வேகத்தில் ஓடினால்தான் கரி எரியும், மலையில் ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். அது பொய்யில்லை, என் பங்காளியின் வேன் அப்படித்தான் நிற்கிறது. "நீங்க லோடோட இறங்கறீங்க, காலியா ஏறறீங்க. இறங்கையில புடிச்ச கரண்ட்லயே பாதி மலை ஏறிடலாம்" என்றும் சொன்னார்கள். கணக்கு சரிதான். ஆனால் முழு சார்ஜில் அந்தக் கரண்ட் எங்கே போகும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே!

சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் ஆப்பில் இல்லை. நடுராத்திரி எழுந்து பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறார் போனில் பேசிய பெண். கையேட்டிலோ வாரம் ஒருமுறை முழு சார்ஜ் ஏற்று என்றிருக்கிறது. எதைக் கேட்பது?

இதற்குள் மண்டியில் என் பெயரே போய்விட்டது. வாடிக்கையெல்லாம் வேறு வண்டிக்குப் போய், தொழிலே அழிந்துவிட்டது. அந்த நஷ்டத்தை உங்களால் கட்ட முடியாது.

தாங்கள் பெரிய மனது வைத்து மலை தெரிந்த ஒரு டெக்னீஷியனை இங்கே அனுப்புங்கள். எண்பதில் சார்ஜ் நிற்கும்படி மென்பொருளைத் திருத்துங்கள். லைனிங் செலவும் மீட்பு வண்டி வாடகையும் திரும்ப வேண்டும். அந்த சூப்பர்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் மலையேறி வர வேண்டும். "வணிக வண்டி, நீங்க நுகர்வோர் இல்லை" என்று போனில் ஒருவர் மிரட்டினார். சுயதொழிலில் பிழைக்க வாங்கி, நானே ஓட்டும் வண்டி இது. அதற்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

பதில் போனில் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்

இணைப்பு: லைனிங் பில், மீட்பு வண்டி ரசீது, புகார் எண்களின் நகல்.